பயாஸ் என்று பெயர் வைத்தவர்: கேரி கில்டால்

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதுசா போட்டிருப்பீங்க. படம் வரும், மவுஸ் ஓடும், சத்தம் மட்டும் வராது. இல்லன்னா வைஃபை இருக்காது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தா மஞ்சள் முக்கோணத்துக்குள்ள ஒரு ஆச்சரியக்குறி நிற்கும். கோட் 28, கோட் 10, கோட் 43, ஏதோ ஒண்ணு. அந்த நேரத்துல மனசுக்குள்ள வர்ற முதல் கேள்வி என்ன? கார்டு போச்சா, டிரைவர் போச்சா?

இந்தக் கேள்வி நமக்கு ரொம்பச் சாதாரணம். ஆனால் ஒரு காலத்தில் இப்படிக் கேட்கவே வழி இல்லை. ஹார்டுவேரோடு பேசுற கோடும் மற்ற கோடும் ஒரே உருண்டையாக ஒட்டிக் கிடந்தன. அதை வெட்டிப் பிரித்து, வெட்டிய துண்டுக்கு பயாஸ் என்று பெயரும் வைத்தவர் கேரி கில்டால். டெல் பட்டனையோ எஃப்2 பட்டனையோ அழுத்தி உள்ளே போறீங்களே, அந்த பயாஸ்தான். இன்றைக்கு அங்கே இருப்பது உண்மையில் யூஇஎஃப்ஐ. இருந்தாலும் கடைக்காரர் முதல் நம்ம லேப் அண்ணா வரை எல்லாரும் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்றாங்க.

கில்டால் பெயரைக் கேள்விப்பட்டவர்களிலும் பாதிப் பேருக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும். ஐபிஎம் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர் விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் பில் கேட்ஸ் பணக்காரர் ஆனார் என்கிற கதை. அதற்குப் பிறகு வருகிறேன். அதைவிடப் பெரிய விஷயம் அதற்கு நாலைந்து வருடம் முன்னாடியே நடந்து முடிந்துவிட்டது.

அவர் பிறந்தது 1942 மே 19, அமெரிக்காவின் சியாட்டில் நகரில். குடும்பத் தொழில் கொஞ்சம் வித்தியாசமானது. கப்பல் ஓட்டுபவர்களுக்குத் திசையறியும் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றை அவர்கள் நடத்திவந்தார்கள். தாத்தா தொடங்கியது, அப்பா அதில் ஆசிரியர், கேரியும் கொஞ்ச காலம் அங்கே பாடம் எடுத்தார். நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, கோள முக்கோணவியல் போட்டு, கடலில் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கிற கணக்கு. ஒரு கைப்பிடியைச் சுற்றினால் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத் தருகிற ஒரு பெட்டி வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. மகன் பிற்பாடு ஒரு மைக்ரோபிராசசரைக் கையில் எடுத்தபோது முதலில் முயன்றதும் அந்த மாதிரிக் கணக்குகளைத்தான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனவர் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்தார். பள்ளிக்காலத் தோழி டாரதியைத் திருமணம் செய்துகொண்டார். வியட்நாம் போர்க் காலம் அது. கடற்படைப் பணி செய்தே ஆகவேண்டிய நிலையில், கப்பலுக்குப் பதிலாக கலிபோர்னியாவின் மான்டரேயில் இருக்கும் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1972ல் முனைவர் பட்டம். கம்பைலர் டிசைன் பேப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ் என்று ஒரு யூனிட் வருமே, அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுக்கட்டுரைகளில் ஒன்று 1973ல் இவர் எழுதியது. ஐபிஎம் கதை மட்டும் தெரிந்தவர்கள் இவரை ஏதோ வாய்ப்பைத் தவறவிட்ட வியாபாரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடிப்படையில் அவர் வாத்தியார்.

இன்டெல்லின் 4004 சிப் 25 டாலர் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வாங்கிப் பார்த்தார், பிடித்துப்போனது. சிலிக்கான் பள்ளத்தாக்கு வண்டியில் போய்வரும் தூரம்தான். இன்டெல்லில் பகுதிநேர ஆலோசகர் ஆனார். 8008, 8080 சிப்புகளுக்கு அசெம்பிளியில் எழுதி மண்டை காய்கிறவர்களுக்காக பிஎல்/எம் என்று ஒரு உயர்நிலை மொழியை உருவாக்கிக் கொடுத்தார். நம்ம மைக்ரோபிராசசர் லேபில் ஹெக்ஸ் கீபேடைத் தட்டித் தட்டி 8085 கிட்டில் இரண்டு எண்ணைக் கூட்டியிருப்பீங்களே, அந்த 8085க்கு நேர் அண்ணன் 8080. அதற்கு ஒரு உயர்நிலை மொழி கிடைத்தால் எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சம்பளத்தோடு இன்டெல் ஒரு டெவலப்மென்ட் மெஷினும் கொடுத்தது. பிரச்சினை என்னவென்றால், எழுதுகிற புரோகிராமைச் சேமிக்க நல்ல வழி இல்லை. டெலிடைப்பில் காகித நாடாவில் ஓட்டை போட்டு, அதே நாடாவைத் திரும்ப ஓட்டிப் படிக்க வேண்டும். ஒரு வரி மாற்றினாலும் மறுபடி முழு நாடா. அப்போதுதான் ஷுகார்ட் நிறுவனம் ஃபிளாப்பி டிரைவ் விற்க ஆரம்பித்திருந்தது. எட்டு இன்ச் தட்டு, 77 டிராக், டிராக்குக்கு 26 செக்டார், செக்டாருக்கு 128 பைட். பெருக்கிப் பாருங்க, சுமார் 250 கேபி. காகித நாடாவோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம்.

காசு கொடுத்து வாங்க வழியில்லை. ஷுகார்ட்டில் பேசி, ஆயுள் சோதனைக்காக ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டித் தேய்ந்துபோன ஒரு டிரைவை வாங்கிக்கொண்டு வந்தார். டிரைவ் வந்துவிட்டது, அதை மெஷினோடு இணைக்கிற கன்ட்ரோலர் போர்டு இல்லை. தானே செய்யப் பார்த்தார், வரவில்லை. சாஃப்ட்வேர் ஆள் சால்டரிங் அயனைத் தொட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த டிரைவ் சும்மா கிடந்தது. கடைசியில் பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோடைக் கூப்பிட்டார். டொரோட் ஹார்டுவேர் ஆள். கம்பிகளைச் சுற்றிச் சுற்றியே ஒரு கன்ட்ரோலரைக் கட்டி முடித்தார். டிரைவ் அசையாமல் கிடந்த நாட்களில் கில்டால் எழுதிவைத்திருந்த கட்டுப்பாட்டு புரோகிராமைக் காகித நாடாவிலிருந்து ஏற்றி ஃபிளாப்பியில் எழுதினார்கள். ஃபிளாப்பியிலிருந்து பூட் ஆனது. இது 1974ல், பசிபிக் குரோவ் என்ற சின்ன ஊரில். அந்த புரோகிராம்தான் சிபி/எம்.

இன்டெல்லிடம் காட்டினார். பிஎல்/எம் போதும், இது வேண்டாம் என்றார்கள். சரி என்று கணவனும் மனைவியுமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். பிற்பாடு முன்னால் இருந்த அண்டசராசரத்தைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் ரிசர்ச் ஆக்கினார்கள். கணக்கு, ஒப்பந்தம், வாடிக்கையாளர் எல்லாம் டாரதி பொறுப்பு. கோடு கேரி பொறுப்பு.

இங்கேதான் நம்ம கதை தொடங்குகிறது. வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் வேறு வேறு கன்ட்ரோலர். ஒருவருடைய போர்டில் டிரைவைத் தேர்ந்தெடுக்க ஒரு போர்ட் எண், இன்னொருவருக்கு வேறு. ஒன்றில் நிலையைப் பார்க்க பிட் 0, இன்னொன்றில் பிட் 7. டொரோடின் போர்டுக்கு ஒரு முறை, ஜப்பானின் ஓம்ரான் டெர்மினலுக்கு ஒரு முறை, லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு முறை என்று சிபி/எம்மின் உள்ளே புகுந்து தேடித் தேடி மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் மாற்றத் தேவையில்லாத இடத்திலும் கை படும். கை படுகிற இடத்தில் புதுத் தவறு முளைக்கும். அப்புறம் அந்தத் தவறு டிரைவிலா, போர்டிலா, தான் மாற்றிய வரியிலா என்று தேட வேண்டும்.

1976 வாக்கில் இம்சாய் என்ற கம்பெனி வந்தது. ஃபிளாப்பி டிரைவ்களை ஏற்கெனவே வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் பின்னால் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். (புராஜெக்ட் ரிவ்யூவில் நாமும் இப்படி வாக்குக் கொடுப்பது உண்டு.) அவர்களுடைய ஆள் கிளென் யூயிங் கில்டாலிடம் வந்து கேட்டபோது, இன்னொரு தடவை உள்ளே புகுந்து கிழித்துத் தைக்க கில்டாலுக்குப் பொறுமை இல்லை. ஹார்டுவேரைத் தொடுகிற ஒவ்வொரு வரியையும் பொறுக்கியெடுத்துக் கடைசியில் தனித் துண்டாக வைத்தார். அதற்கு வைத்த பெயர் பேசிக் இன்புட் அவுட்புட் சிஸ்டம், சுருக்கமாக பயாஸ். ஃபைல், டைரக்டரி, எந்த பிளாக் காலி என்கிற கணக்கெல்லாம் இன்னொரு துண்டு, அது பிடாஸ். ஒவ்வொரு மெஷினுக்கும் பயாஸ் மட்டும் மாறும். பிடாஸை யாரும் தொட வேண்டாம்.

உள்ளே எப்படி வேலை செய்தது என்று பாருங்க, அழகா இருக்கும். உங்க புரோகிராம் சி ரிஜிஸ்டரில் ஒரு எண்ணை வைத்து, நினைவகத்தில் 5 என்ற முகவரிக்கு ஒரு கால் போடும். ஃபைலைத் திற என்றால் ஒரு எண், ஒரு எழுத்தைத் திரையில் காட்டு என்றால் ஒரு எண். பிடாஸ் அதை வாங்கி, எந்த டிராக், எந்த செக்டார் என்று கணக்குப் போட்டு, பயாஸின் ஜம்ப் அட்டவணைக்குத் தாவும். அந்த அட்டவணையில் இருந்தவை பதினைந்து, பிந்தைய பதிப்பில் பதினேழு வேலைகள்தான். டிரைவைத் தேர்ந்தெடு, டிராக்கை வை, செக்டாரை வை, படி, எழுது, கீபோர்டில் எழுத்து வந்திருக்கா பார், இப்படி. இந்தப் பதினேழையும் உங்க போர்டுக்கு ஏற்ற மாதிரி எழுதிவிட்டால் போதும், உலகத்தில் இருக்கிற எல்லா சிபி/எம் புரோகிராமும் உங்க மெஷினில் ஓடும். வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் இப்படித்தான் வேறு வேறு கம்பெனி மெஷின்களில் ஓடின. மூவாயிரம் மாடல்களுக்கு மேல் சிபி/எம் ஓடியதாகச் சொல்கிறார்கள்.

நாம இன்றைக்கு டிரைவர் டவுன்லோடு பண்ணி நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டுகிறோம். அன்றைக்கு வீட்டில் மெஷின் வைத்திருந்தவர் டிரைவரைத் தானே எழுதினார். அதற்கு டிஜிட்டல் ரிசர்ச் கொடுத்த கையேட்டைப் படித்தால் இன்றைக்கும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் முழு பயாஸையும் எழுது என்று அது சொல்லாது. முதலில் ஃபிளாப்பியின் முதல் இரண்டு டிராக்கைப் படித்து நினைவகத்தில் வைக்கிற குட்டி புரோகிராம் ஒன்று. அது சரியாகப் படிக்கிறதா என்று பார்த்த பிறகு, அதையே எழுதுகிற இன்னொரு குட்டி புரோகிராம், அதையும் வெற்று ஃபிளாப்பியில். பிறகு திரை, கீபோர்டு. பிறகு டிஸ்க். முக்கியமாக, படிக்கச் சொன்னால் தப்பித்தவறி எழுதிவிடாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லும், இல்லாவிட்டால் கையில் இருக்கிற ஒரே நல்ல ஃபிளாப்பியும் போய்விடும். தடுக்கி விழுந்தால் எந்தப் படியில் விழுந்தோம் என்று தெரிகிற மாதிரி படி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தேடுவதற்கு டிடிடி என்ற டீபக்கரும் கூடவே வரும்.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். பயாஸ் படித்துவிட்டு மேலே சொல்கிற பதில் இரண்டே இரண்டு. பூஜ்யம் வந்தால் சரி, பூஜ்யம் இல்லாவிட்டால் தவறு. என்ன தவறு என்று சொல்ல இடமில்லை. அதனால் ஃபிளாப்பி கீறியிருந்தாலும், டிரைவ் கதவு மூடாமல் இருந்தாலும், கேபிள் கழன்றிருந்தாலும் திரையில் வருவது ஒரே செய்திதான்: ஏ டிரைவில் பிடாஸ் எரர், பேட் செக்டார். கன்ட்ரோல் சி அழுத்தினால் மறுபடி பூட் ஆகும், என்டர் தட்டினால் தவறைக் கண்டுகொள்ளாமல் மேலே போகும். இப்போது கோட் 43ஐ நினைத்துப் பாருங்க. சாதனம் ஏதோ பிரச்சினை என்று சொன்னது, அதனால் நிறுத்திவிட்டேன் என்பதற்கு மேல் விண்டோஸ் அதில் எதுவும் சொல்லாது. அடுக்கு அடுக்காகப் பிரிக்கும்போது கீழே நடப்பது மேலே தெரியாமல் போவது இந்த ஏற்பாட்டின் கூடப்பிறந்த நோய். என் பார்வையில் கில்டால் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் மொத்த சிஸ்டமும் சில கேபிக்குள் அடங்க வேண்டிய காலம், அதையும் சொல்ல வேண்டும்.

அதே அடுக்குதான் நமக்குச் சோதிக்கவும் வழி கொடுக்கிறது. வீட்டில் வைஃபை கார்டு தகராறு செய்தால் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமல் அப்படியே பூட் பண்ணிப் பாருங்க. அங்கே வேலை செய்தால் கார்டு நல்லா இருக்கு, தவறு விண்டோஸ் பக்கம், டிரைவரை மாற்றினால் போதும். அங்கேயும் கார்டே கண்ணில் படவில்லை என்றால் கழற்றி மாட்டிப் பார்க்கலாம், பயாஸில் அதை முடக்கி வைத்திருக்கிறதா பார்க்கலாம். லினக்ஸில் கார்டு பெயர் தெரிந்து, ஆனால் ஓடவில்லை என்றால் அதற்கு லினக்ஸில் டிரைவர் இல்லாமலும் இருக்கலாம், அவசரப்பட்டு புதுசு வாங்காதீங்க. மேல் அடுக்கை அப்படியே மாற்றிவிட்டுக் கீழ் அடுக்கைச் சோதிக்கிறோம். இரண்டும் ஒட்டிக் கிடந்திருந்தால் இது நடக்காது.

சரி, அந்த விமானக் கதை. 1980ல் ஐபிஎம் ரகசியமாக ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டு முதலில் மைக்ரோசாஃப்டுக்குப் போனார்கள். காரணம், ஆப்பிள் 2ல் சிபி/எம் ஓடுவதற்கான ஒரு கார்டை மைக்ரோசாஃப்ட் விற்றுக்கொண்டிருந்தது, சிபி/எம்மே அவர்களுடையது என்று ஐபிஎம் நினைத்துவிட்டது. பில் கேட்ஸ் அவர்களை பசிபிக் குரோவுக்கு அனுப்பினார். அவர்கள் வந்த காலையில் கில்டால் தன் விமானத்தில் இன்னொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ஊர் சுற்ற இல்லை, வேலையாகத்தான். ஒப்பந்தம் பேசுவது எப்போதும் டாரதிதான், அன்றைக்கும் அவர்தான் உட்கார்ந்தார். ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருந்தது, வக்கீலைக் கேட்டுவிட்டு டாரதி கையெழுத்துப் போடவில்லை. கேரி மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். பேரம் படியவில்லை என்பது மட்டும் உறுதி.

மைக்ரோசாஃப்ட், சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்ன கம்பெனியில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த 86-டாஸை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. சிபி/எம் புரோகிராம்களைச் சுலபமாக மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று பேட்டர்சன் அதன் ஃபங்ஷன் கால்களை சிபி/எம் கையேட்டைப் பார்த்தே அமைத்திருந்தார். கில்டாலுக்கு இது திருட்டாகவே பட்டது. பின்னாளில் இரண்டின் கோடையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது கோடைக் காப்பி அடித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஐபிஎம்மிடம் சண்டை போட்டதில், சிபி/எம்-86ஐயும் சேர்த்து விற்க அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். விலைப்பட்டியல் வந்த அன்றே கதை முடிந்தது: டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். நீங்களா இருந்தா எதை வாங்குவீங்க?

ஆனால் ஒன்றைக் கவனியுங்க. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் கில்டாலின் சிஸ்டம் தோற்றது, அவருடைய வெட்டு ஜெயித்தது. பிசியின் ராம் இல்லை, ரோம் சிப்பிலேயே பயாஸ் என்ற பெயரில் அந்தத் துண்டு உட்கார்ந்தது. டாஸும் உள்ளுக்குள் ஹார்டுவேருக்கு ஒரு ஃபைல், மற்றதற்கு ஒரு ஃபைல் என்று பிரிந்தே வந்தது. டிரைவ்களுக்கு ஏ, பி என்று எழுத்து வைத்ததும் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்ற கணக்கும் சிபி/எம் வழியாக வந்தவை. உங்க லேப்டாப்பில் முதல் டிரைவே சி ஆக இருப்பது ஏன் என்று தெரிகிறதா? ஏவும் பியும் ஃபிளாப்பிக்கு ஒதுக்கியது, இன்றைக்கு வரை காலியாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மானிட்டருக்கும் பிளாட்டருக்கும் தனி கிராபிக்ஸ் கோடு எழுதுகிற தொல்லைக்கு அவருடைய கம்பெனி அதே வெட்டைப் போட்டது, ஜிஎஸ்எக்ஸ் என்ற அதில் சாதனத்தைத் தொடுகிற துண்டு மட்டும் தனி. அதன் மேல் ஜெம் என்ற ஜன்னல் முகப்பு 1985ல் வந்தது. அதே வருடம் அவருடைய இன்னொரு கம்பெனி ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சிடி-ரோமில் கொண்டுவந்தது. 1983லிருந்து 1990 வரை கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் என்ற டிவி நிகழ்ச்சியில் இணைத் தொகுப்பாளராக உட்கார்ந்து, போட்டியாளர்களின் பொருளையும் சிரித்த முகத்தோடு விளக்கினார். இணையத்தில் இன்றும் பார்க்கலாம். அவர் பேசும் விதத்தைப் பார்த்தால் வாத்தியார் என்று நான் சொன்னது புரியும்.

வீட்டில் நிலைமை வேறு. டாரதியும் அவரும் பிரிந்தார்கள். 1991ல் கம்பெனியை நாவெல் வாங்கியது, பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் அந்த விமானக் கேள்விதான். 1992ல் அவர் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. முனைவர் பட்டம் வாங்கிய பழைய மாணவர் என்று இவரையும் அழைத்தார்கள், சிறப்புரைக்கு பில் கேட்ஸை அழைத்தார்கள். கேட்ஸ் அங்கே படித்தவரும் இல்லை, ஹார்வர்டைப் பாதியில் விட்டவர். இந்த இடத்தில் மனுஷனுக்கு ரொம்ப வலித்திருக்கிறது. உட்கார்ந்து தன் கதையைத் தானே எழுதினார். அச்சிட்டு வெளியிடவில்லை, சில பிரதிகளை எடுத்து 1993 இறுதியில் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார். கடைசி ஆண்டுகளில் குடி அவரை வாட்டியது.

1994 ஜூலை 8 அன்று மான்டரேயில் ஒரு இடத்தில் தலையில் அடிபட்டது. எப்படி விழுந்தார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூலை 11 அன்று இறந்தார். வயது 52.

அந்த நினைவுக்குறிப்பின் முதல் பகுதியை 2016ல் குடும்பத்தாரின் அனுமதியோடு கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் வெளியிட்டது. மீதியைக் குடும்பத்தார் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2014 ஏப்ரலில், பசிபிக் குரோவ் லைட்ஹவுஸ் அவென்யூவில் டிஜிட்டல் ரிசர்ச் இருந்த பழைய வீட்டின் வாசலில் ஐஇஇஇ ஒரு பலகை பதித்தது. 1974ல் சிபி/எம் இந்த ஊரில் முதன்முதலாக ஓடியதையும் பயாஸையும் அதில் குறித்திருக்கிறார்கள். விமானத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.